வன்னி நிலமும் விறைப்பு மருந்தும்

வவுனியாவைக் கடந்து வடக்கே செல்வோருக்குக் காடு எதிர்ப்படும். காட்டின் நடுவே குளம், குளத்தின் கீழ் வயல், வயலோரம் ஊர் என்ற ஒழுங்கிலே கனகராயன் ஆறும் பாலி ஆறும் பறங்கி ஆறும் ஊட்டி வளர்த்த நிலமே வன்னிப் பெருநிலம். இந்நிலத்து மக்களுக்கு வலியும் புதியதன்று. வலியை அடக்கும் வழியும் புதியதன்று. பல் வலித்தால் கராம்பைக் கடித்தனர். கராம்பெண்ணெய் தோய்த்த பஞ்சைப் பல்லிடையே வைத்தனர். நாட்டு வைத்தியர் அக்கரகார வேரை மெல்லக் கொடுப்பதும் உண்டு. நாக்கு விறைக்கும், ஈறு விறைக்கும், வலி சற்றே ஒதுங்கும்.

வடபுலத்துப் பேச்சு வழக்கில் விறைத்தல் என்பது குளிரால் உடல் விறைப்பதை மட்டும் குறிக்கும் சொல்லன்று. உறுப்பொன்றில் உணர்ச்சி மங்குவதையும் அச்சொல்லே குறிக்கும். தமிழகத்தார் மரத்தல் என்பதனை ஈழத்தார் விறைத்தல் என்பர். ஆகவே, மேலைநாட்டு மருத்துவம் ஊசியாகவும் களிம்பாகவும் கண்ணுக்கிடும் துளியாகவும் கொண்டுவந்த உணர்விழப்பு மருந்தை மக்கள் விறைப்பு மருந்து என்று அழைத்தது இயல்பேயாகும்.

இம்மருந்தின் வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் வியன்னாவையும் ஸ்டொக்ஹோமையும் பற்றியே எழுதுவர். மருந்து பிறந்த ஊர்கள் அவை. ஆனால், மருந்து வந்து சேர்ந்த ஊர்களுக்கும் ஒரு வரலாறு உண்டு. எந்த மருந்தும் வெற்றுடலுக்குள் புகுவதில்லை. அவ்வுடலில் முன்னரே குடிகொண்ட நோயையும், அந்நோய் தீர உண்ட மருந்தையும், அம்மனிதன் தன் தொழிலிலே கையாண்ட நஞ்சையும் அது சந்திக்கிறது. அச்சந்திப்பு நல்லதாகவும் முடியலாம், கேடாகவும் முடியலாம். வன்னியிலோ அத்தகைய சந்திப்புக்கு இடந்தரும் காரணங்கள் ஒரு நூற்றாண்டுக் காலம் ஒன்றன்மேல் ஒன்றாகப் பெருகி நின்றன.

முதலில் மருந்தின் பிறப்பைச் சுருங்கக் கூறுதல் தகும். 1884ஆம் ஆண்டு செப்டெம்பர் 15ஆம் நாள், ஜேர்மனியின் ஹைடல்பேர்க் நகரிலே கண் மருத்துவர் மாநாடு ஒன்று கூடியது. கொக்கா இலையிலிருந்து பெறப்பட்ட கொக்கெயினைக் கண்ணில் இட்டால் கண் விறைத்துவிடும், நோயாளி விழித்திருக்கும்போதே அறுவை செய்யலாம் என்ற செய்தி அங்கே அறிவிக்கப்பட்டது. கண்டறிந்தவர் கார்ல் கொல்லர் என்னும் இளம் வைத்தியர். அவரோ அங்கு வரவில்லை; பயணச் செலவுக்குப் பணமில்லாமையால் அவருடைய கட்டுரையை வேறொருவர் வாசித்தார்! யாழ்ப்பாணத்து மானிப்பாயிலே தமிழில் மேலை மருத்துவம் கற்பித்து, ‘இரண வைத்தியம்’ முதலிய நூல்களைத் தமிழில் வெளிக்கொணர்ந்த அமெரிக்க வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன் அதே 1884இல், சில மாதங்களுக்கு முன்னர், தம் தாயகத்தில் காலமாகியிருந்தார். அவருடைய மாணவர்கள் அறிந்திருந்தது முழு மயக்கம் தரும் மருந்துகளை மட்டுமே. உடலின் ஒரு பகுதியை மாத்திரம் உறங்கச் செய்யும் கலை அவருக்குப் பின் வந்தது.

கொக்கெயின் அடிமைப்படுத்தும் பொருள், இதயத்தையும் தாக்கும். ஆகவே மாற்று மருந்து தேடினர். 1904இல் ஆல்பிரட் ஐன்ஹோன் புரோக்கெயினை ஆக்கினார். அடுத்த ஆண்டிலே ஹைன்றிக் பிறவுன் அதனை அறுவை மருத்துவத்தில் புகுத்தினார். பென்சோகெயின் அதற்கும் முந்தியது. புண்ணுக்கும் தொண்டைக்கும் ஈறுக்கும் பூசும் மருந்தாக அது பரவியது. 1943இல் சுவீடன் நாட்டு வேதியியலார் நில்ஸ் லொப்கிரனும் பெங்ற் லுண்ட்குவிஸ்ற்றும் லிக்னோகெயினை ஆக்கினர். அது 1948இல் சைலோகெயின் என்ற பெயருடன் விற்பனைக்கு வந்து, உலகின் எல்லா வைத்தியசாலைகளிலும் இடம் பிடித்தது. பின்னர் லொப்கிரன் மற்றொருவருடன் சேர்ந்து பிரிலோக்கெயினை ஆக்கினார். லிக்னோகெயினும் பிரிலோக்கெயினும் கலந்த களிம்பொன்று 1980களில் வெளிவந்தது. குழந்தையின் கையிலே ஊசி ஏற்றுமுன் அதனைப் பூசி, மேலே மூடிவைத்து, ஒரு மணி நேரம் பொறுத்திருந்தால் தோல் விறைத்துவிடும்.

இனி வன்னிக்கு வருவோம். பிரித்தானிய ஆட்சிக்காலத்து அலுவலர்களுக்கு வன்னி என்றால் காய்ச்சல் நாடு. ஜே. பி. லூயிஸ் 1895இல் வன்னி மாவட்டங்களைப் பற்றிக் கையேடு ஒன்றை வெளியிட்ட காலத்திலே, காய்ச்சல் எவ்வாறு பரவுகிறது என்பதை உலகம் அறியாது. இரண்டாண்டு கழிந்து, 1897இல், செகந்தராபாத்திலே றொனால்ட் றொஸ் நுளம்பின் வயிற்றில் மலேரியாக் கிருமியைக் கண்டார். அதுவரை வன்னி மக்கள் குலைப்பன் காய்ச்சல் என்ற அதனைக் காட்டின் காற்றும் குளத்தின் நீரும் தருவதாகவே கருதினர். குளத்தின் மீது பழி சுமத்துவது முற்றிலும் நேர்மையன்று என்பதையும் இங்கே சொல்லுதல் வேண்டும். இலங்கையில் மலேரியாவைப் பரப்பிய நுளம்பு பெரிதும் விரும்பியது, ஆறு வற்றும் காலத்தில் மணற்படுகையிலே தேங்கி நிற்கும் தெளிந்த குட்டைகளை.

1934, 1935ஆம் ஆண்டுகளில் இலங்கை முழுவதும் அஞ்சிய பெரும் மலேரியாக் கொள்ளைநோய் வந்தது. ஏறத்தாழ 80,000 உயிர்கள் மாண்டன. அதன் பெருங்கொடுமையை அனுபவித்தவை வன்னியல்ல. கேகாலை, குருநாகல் பக்கத்து ஊர்களே. காரணம் வியப்பானது. ஆண்டுதோறும் காய்ச்சலுடன் வாழ்ந்த வரள்நிலத்து மக்களின் உடலிலே ஓரளவு எதிர்ப்பு ஊறியிருந்தது. ஆனால் அந்த எதிர்ப்புக்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதன்று: வீங்கிய மண்ணீரல், வெளிறிய குருதி, வளராத குழந்தை. இரணைமடுக் குளத்தின் கீழ்க் குடியேறியோரும், 1977இன் வன்செயலுக்குப் பின் மலைநாட்டிலிருந்து வன்னிக்கு வந்தோரும் இந்தக் காய்ச்சலின் நிலத்திலேதான் புதுவாழ்வு தொடங்கினர். மலேரியா அரிதான உயர்நிலத்திலிருந்து வந்தவர் உடலிலே அந்தப் பழைய எதிர்ப்பும் இல்லை.

கொயினா என்று மக்கள் அழைத்த குயினைன் முதலில் வந்தது. பின்னர் குளோறோகுயின் வந்தது. ஈரலில் ஒளிந்திருக்கும் கிருமியைக் கொல்லப் பிறிமாக்குயின் வந்தது. விறைப்பு மருந்துடன் சந்திப்பு நிகழும் இடம் இதுவே.

குருதிக்குச் செந்நிறம் தருவது ஈமோகுளோபின் என்பதும், அதன் நடுவே இரும்பு உண்டு என்பதும், அவ்விரும்பே ஒட்சிசனைத் தாங்கிச் செல்வது என்பதும் பாடசாலைப் பிள்ளைகளும் அறிந்தவை. சில பொருள்கள் உடலில் சேர்ந்தால் அந்த இரும்பின் நிலை மாறிவிடுகிறது. மாறிய ஈமோகுளோபினை மெதமோகுளோபின் என்பர். அது ஒட்சிசனைத் தாங்காது. அருகிலுள்ள நல்ல ஈமோகுளோபினையும் தான் சுமந்ததை எளிதில் இறக்க விடாது. நலமுள்ள உடலில் இது நூற்றுக்கு ஒன்று அளவே இருக்கும். 10, 15 பங்கு ஆகும்போது உதடும் நகமும் நீலம் பாரிக்கும். 50 பங்கைக் கடந்தால் நினைவு தடுமாறும். 70 பங்கை எட்டினால் உயிர் தங்குவது அரிது. நோயாளிக்கு எவ்வளவு ஒட்சிசன் கொடுத்தாலும் நீலம் மாறாது. ஊசியால் எடுத்த குருதி சிவப்பாயிராமல் சொக்கலேற் நிறமாயிருக்கும். விரலில் மாட்டும் அளவுகருவியும் ஏமாற்றும். உண்மை நிலை எவ்வளவு கீழே போனாலும் அது 85க்கு அண்மையிலேயே நின்றுவிடும்.

இம்மாற்றத்தைச் செய்யும் பொருள்கள் எவை? விறைப்பு மருந்துகளில் பென்சோகெயினும் பிரிலோக்கெயினும். மலேரியா மருந்துகளில் பிறிமாக்குயின் முதன்மையானது. குளோறோகுயினும் குயினைனும் அதே பட்டியலில் இடம்பெறுவன. ஒவ்வொன்றும் தனித்தனியே சிறிய சுமைதான். ஆனால் ஒரே குருதியின் மேல் இரண்டு சுமையை ஏற்றினால் என்னாகும்? ஆகையினாலேதான், மெதமோகுளோபினை உண்டாக்கும் மருந்தை உட்கொள்ளும் ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அந்தக் கலப்புக் களிம்பைப் பூசலாகாது என்று அதன் உறையிலேயே எழுதப்பட்டுள்ளது. பச்சிளங் குழந்தையின் குருதியில், மாறிய இரும்பைப் பழைய நிலைக்குத் திருப்பும் நொதியம் இன்னும் முதிராதிருப்பதும் இதற்கு ஒரு காரணம்.

இவ்வாறான சுமை வெறும் நூற்கணக்கன்று என்பதற்கு உலக வரலாற்றில் சான்று உண்டு. வியட்நாம் போரின்போது அமெரிக்கப் படைவீரர்க்கு மலேரியாத் தடுப்பாகக் குளோறோகுயினும் பிறிமாக்குயினும் டப்சோனும் வழங்கப்பட்டன. அவருள் சிலர் நீலம் பாரித்தனர். அவர்களுக்குப் பிறப்பிலேயே அந்தத் திருப்பும் நொதியம் குறைவாயிருந்தது என்று 1968இல் மருத்துவர்கள் எழுதினர். மருந்து எல்லார்க்கும் ஒன்று. உடல் ஒன்றல்ல என்பது அங்கே வெளிப்பட்டது.

அதற்கு முன்னரே, 1956இல், மற்றொரு குறை கண்டறியப்பட்டிருந்தது. அமெரிக்காவின் இலினோய் மாநிலத்துச் சிறையிலே கைதிகளுக்குப் பிறிமாக்குயின் கொடுத்துச் சோதித்தனர். அடைபட்டிருந்தவர் மேல் சோதனை செய்தது அறமோ என்ற கேள்வி இன்றுவரை ஓய்ந்ததில்லை. அக்கைதிகள் சிலரின் செங்குழியங்கள் மருந்து உண்ட சில நாள்களில் சிதைந்தன. ஆராய்ந்தபோது, அச்செங்குழியங்களில் குளுக்கோசு-6-பொசுபேற்று ஐதரசன் நீக்கி என்ற நொதியம் குறைந்திருப்பது தெரிந்தது. சுருக்கமாக ஜீ-6-பீ-டீ என்பர். இக்குறை பெரும்பாலும் ஆண்களிடம் வெளிப்படுவது, தாய்வழி வருவது. உலகில் எங்கெங்கே மலேரியா நெடுங்காலம் நிலவியதோ அங்கெல்லாம் இது மிகுதி. மலேரியாக் கிருமி இக்குறையுள்ள செங்குழியத்தில் செழித்து வளராமையால், காய்ச்சலின் நடுவே இவர்கள் தப்பிப் பிழைத்துத் தம் குறையையும் வழிவழி கடத்தினர் என்பர் அறிஞர். மலேரியா நிலத்தவரின் கவசமே மலேரியா மருந்துக்கும் சில விறைப்பு மருந்துகளுக்கும் அவர்களை எளிதில் இரையாக்குகிறது.

இதைவிட நுட்பமான முரண் ஒன்றும் உண்டு. மெதமோகுளோபின் மிகுந்து நீலம் பாரித்தவருக்கு வைத்தியர் நரம்பினூடே ஏற்றும் மாற்று மருந்து மெதிலீன் நீலம். சாயப் பட்டறையிலே பிறந்த பொருள் அது. 1891இல் பேர்லின் நகரில் போல் குட்மனும் போல் ஏர்லிக்கும் அதனை மலேரியா நோயாளர் இருவருக்குக் கொடுத்துக் குணம் கண்டனர். செயற்கையாக ஆக்கிய பொருளொன்று மலேரியாவுக்கு மருந்தானது அதுவே முதல் முறை. அந்த மெதிலீன் நீலமோ, குருதியிலே தன் வேலையைச் செய்வதற்கு ஜீ-6-பீ-டீ நொதியத்தின் துணையை வேண்டுகிறது. அந்நொதியம் குறைந்தவருக்கு அது பயன் தராது; செங்குழியத்தைச் சிதைத்து மேலும் தீங்கும் செய்யும். மலேரியா மருந்தாகப் பிறந்து மாற்று மருந்தாக வளர்ந்த பொருள், மலேரியா நிலத்தின் பிள்ளைகள் சிலருக்கு உதவாமற் போகிறது. அத்தகையோருக்கு உயிர்ச்சத்து சீயையும், நிலை மிக மோசமாயின் குருதி மாற்றத்தையும் வைத்தியர் நாடுவர்.

டப்சோன் என்ற பெயர் மேலே வந்தது. அது தொழுநோய்க்குரிய மருந்து. தொழுநோய் தானே ஒரு விறைப்பு நோய். தோலிலே வெளிறிய தேமல் தோன்றும். அவ்விடம் சூடும் குளிரும் ஊசிக்குத்தும் அறியாது. 1980களில் பல மருந்துகளைச் சேர்த்துக் கொடுக்கும் முறை இலங்கையில் நிலைபெற்றபோது டப்சோன் அதில் அங்கமாயிற்று. டப்சோன் உண்பவர் பலரது குருதியில் மெதமோகுளோபின் சிறிதளவு எப்போதும் உயர்ந்தே நிற்கும். அவர் பல் பிடுங்கச் செல்லும்போதோ, தொண்டைக்குள் குழாய் விட்டுப் பார்க்குமுன் பென்சோகெயின் தெளிக்கப்படும்போதோ, தாம் உண்ணும் குளிகையைச் சொல்லாது விடுவாராயின் துன்பம் நேரலாம். தொழுநோயாளர் தம் நோயை மறைத்தே வாழும்படி சமூகம் செய்துவிட்டது; ஆதலால் சொல்லாது விடுவதற்கு அவர்மீது மட்டும் குறை கூறுவது பொருந்தாது.

மருந்து மருந்தைக் கெடுக்கும் மற்றொரு வகையும் நினைவுகூரத் தக்கது. இரண்டாம் உலகப்போர்க் காலத்திலே புண்களின் கிருமியைக் கொல்லும் பெருமருந்து சல்பா. 1940இல் டொனால்ட் வூட்ஸ் என்னும் ஆங்கில அறிஞர், சல்பா கிருமியை எவ்வாறு கொல்கிறது என்பதைக் கண்டார். கிருமி உண்டு வாழும் ஒரு பொருளைப்போல் சல்பா வேடமிட்டு அதனைப் பட்டினியில் ஆழ்த்துகிறது. புரோக்கெயின் உடலிலே உடையும்போது பிறப்பது கிருமி உண்ணும் அதே பொருள்! காயத்தை விறைக்கச் செய்யப் புரோக்கெயினையும், கிருமியைக் கொல்லச் சல்பாவையும் ஒருங்கே இடுவது, கள்வனைப் பிடிக்கச் சென்றவனே கள்வனுக்குச் சோறு கட்டிக் கொடுத்ததற்கு ஒப்பாகும். லிக்னோகெயின் வேறு குடும்பத்தைச் சேர்ந்தது. இந்தக் குற்றம் அதற்கு இல்லை.

மீண்டும் நுளம்பிடம் செல்வோம். 1940களின் நடுவிலிருந்து வீடுதோறும் டீ.டீ.ற்றீ. தெளிக்கப்பட்டது. மலேரியா வியக்கத்தக்க வகையில் வீழ்ந்தது. 1963இல் நாடு முழுவதிலும் 17 பேருக்கே நோய் காணப்பட்டது. தெளிப்பு தளர்ந்தது. 1968, 1969ஆம் ஆண்டுகளில் நோய் பெருவெள்ளமாய்த் திரும்பிப் பல இலட்சம் பேரைப் பற்றியது. நுளம்பும் டீ.டீ.ற்றீ.க்கு அஞ்சாததாகிவிடவே, 1977இல் மலத்தியன் என்னும் வேறு நஞ்சு தெளிக்கப்படலாயிற்று. மாட்டுத் தொழுவம் முதல் படுக்கையறை வரை அதன் நாற்றம் நின்ற வீடுகளை முதியோர் இன்றும் மறவார். வயலிலும் அதே குடும்பத்து நஞ்சுகள் புகுந்தன. வன்னி உழவர் கிருமிநாசினி என்று பொதுவாக அழைக்கும் பீடைகொல்லிகளில் ஆற்றல் மிக்க மொனோகுரோட்டொபொசும் மெதமிடொபொசும் 1995இல் இலங்கையில் தடை செய்யப்படும் வரை கடைகளில் கிடைத்தன.

இந்தச் சேதன பொசுபரசு நஞ்சுகள் பூச்சியைக் கொல்வது கோலினெசுத்தரேசு என்ற நொதியத்தை முடக்குவதால். மனிதக் குருதியிலும் அதன் உறவான ஒரு நொதியம் உண்டு. புரோக்கெயின், தெற்றாக்கெயின் முதலிய பழைய குடும்பத்து விறைப்பு மருந்துகளை உடைத்து அகற்றுவது அந்நொதியமே. முதுகிலே தெளிகருவி சுமந்து, வாய்க்கும் மூக்குக்கும் மறைப்பின்றி, காற்றுக்கு எதிராகவும் மருந்தடித்த உழவன் ஒருவன் மாலையிலே பல்வலியோடு வைத்தியரிடம் சென்றான் என்று கொள்வோம். அவன் குருதியில் அந்நொதியம் குன்றியிருக்கும். மற்றவர்க்குச் சில நிமிடங்களில் உடைந்துபோகும் மருந்து அவனுக்குக் கூடிய நேரம் குருதியில் உலவும். அதன் நச்சுக்குணமும் ஓங்கும். பிறப்பிலேயே இந்நொதியம் குறைந்தவரும் உளர். தென்னிந்தியாவிலே ஆரிய வைசியர் சமூகத்தில் இக்குறை ஏனையோரினும் மிகுதியாகக் காணப்படுவது மயக்க மருந்து வல்லுநர் நன்கறிந்த செய்தி. ஒருவருக்குக் குலவழி வந்தது, மற்றவருக்கு வயல்வழி வந்தது.

வைத்தியசாலை வாங்கிலிலே அமர்ந்திருந்தோர் பலர் ஒரு முறைப்பாட்டை அடிக்கடி கேட்டிருப்பர். “ஊசி போட்டும் விறைக்கேல்லை” என்பதே அது. பற்சூத்தை முற்றிச் சீழ் கட்டியவர் கூறும் சொல் இது, பொய்யன்று. விறைப்பு மருந்து நரம்பின் உறையைக் கடந்து உள்ளே செல்லவேண்டுமாயின் மின்னேற்றம் இல்லாத வடிவில் இருத்தல் வேண்டும். சீழ்பிடித்த சதையில் அமிலத்தன்மை மிகும். அமிலத்தில் மருந்தின் பெரும்பங்கு மின்னேற்றம் பெற்று வெளியிலேயே நின்றுவிடும். வீங்கிய இடத்தில் குருதியோட்டம் பெருகியிருப்பதால், இட்ட மருந்தும் விரைவில் அடித்துச் செல்லப்படும். ஆகவேதான் அறிந்த வைத்தியர் சீழுக்குள் ஊசி போடாது, சற்றுத் தொலைவிலே நரம்பு வரும் வழியில் போடுவார். அதனை அறியாதவர், விறைக்கவில்லையே என்று மேலும் மேலும் மருந்தை ஏற்றுவாராயின் அளவு மீறும்.

அளவு என்பது விளையாட்டன்று. லிக்னோகெயின் நூற்றுக்கு 2 பங்குக் கரைசலில் ஒரு மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராம் மருந்து உண்டு. வேறு கலப்பின்றிக் கொடுக்கும்போது உடல் நிறையில் கிலோகிராமுக்கு 3 முதல் 4.5 மில்லிகிராம் வரையே எல்லை என்பர். 40 கிலோகிராம் நிறையுள்ள மெலிந்த பெண்ணுக்கு அந்த எல்லை மிக விரைவில் வந்துவிடும். எல்லை கடந்தால் வாயைச் சுற்றி விறைக்கும், காது இரையும், நாக்கிலே உலோகச் சுவை தோன்றும், தசை துடிக்கும், வலிப்பு வரும், இறுதியில் இதயம் தளரும். இந்த மருந்தை உடைப்பது ஈரல். மதுவாலோ வேறு நோயாலோ ஈரல் கெட்டவர், இதயம் தளர்ந்து ஈரலுக்குக் குருதி செவ்வனே செல்லாதவர், குருதி அழுத்தத்துக்கென்று புரொப்பிரனலோல் உண்பவர், வயிற்றெரிவுக்குச் சிமெற்றிடீன் உண்பவர் ஆகிய எல்லாருக்கும் இது உடலில் நெடுநேரம் தங்கும். மேலே பூசும் களிம்புதானே என்று எண்ணுவதும் தவறு. வெந்த புண்ணிலும் சொறி பிடித்துத் தேய்ந்த தோலிலும் களிம்பு நலமான தோலினும் பன்மடங்கு விரைவாய் உள்ளே இறங்கும்.

இத்தனை எச்சரிக்கையும் மருந்து கிடைக்கும் காலத்துக்குரியவை. மருந்தே இல்லாத காலம் ஒன்றும் வன்னிக்கு வந்தது. 2009ஆம் ஆண்டின் முதல் மாதங்களில் போர் வன்னியின் கிழக்கு மூலைக்குள் நெருங்கியபோது, புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைகளுக்கு இலக்காகி, பெப்ரவரியில் கைவிடப்பட்டது. வைத்தியர்கள் புதுமாத்தளனிலே பாடசாலைக் கட்டடத்தில் தற்காலிக வைத்தியசாலை நடத்தினர். காயமுற்றோரைச் செஞ்சிலுவைச் சங்கத்தின் கப்பல் கடல்வழியே திருகோணமலைக்கு ஏற்றிச் சென்றது. அக்காலத்து மருந்துத் தட்டுப்பாட்டையும், உணர்விழப்பு மருந்து இன்றியே கைகால்கள் அகற்றப்பட்டதையும் ஐக்கிய நாடுகள் சபைப் பொதுச்செயலாளர் நியமித்த நிபுணர் குழு 2011இல் வெளியான தன் அறிக்கையில் பதிவு செய்தது.

அந்நிலையில் இருந்த உடல்களைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். குருதி இழந்த உடல். பல வாரம் கஞ்சி மட்டும் கண்ட உடல். குருதி இழப்பால் ஈரலுக்குச் செல்லும் ஓட்டம் குறைகிறது. உணவின்மையால், மருந்தைப் பற்றி வைத்திருக்கும் குருதிப் புரதமும் குறைந்து போகலாம். நலமுள்ள உழவன் தாங்கும் அதே அளவு லிக்னோகெயின் இவ்வுடலுக்குப் பெருஞ்சுமையாகும். எஞ்சிய ஒரு சிறு குப்பியை யாருக்கு இடுவது என்பது மட்டுமன்று, இடக்கூடியவருக்கு எவ்வளவு இடுவது என்பதும் அங்கு நின்ற வைத்தியர் தீர்க்கவேண்டிய கணக்காயிருந்தது. குண்டுச் சத்தத்தின் நடுவே தீர்க்கப்பட்ட கணக்கு அது.

போர் முடிந்த பின்னர் வன்னியின் நோய்முகம் மாறிற்று. உள்நாட்டிலே தொற்றிய கடைசி மலேரியா நோயாளி 2012 ஒக்டோபரில் காணப்பட்டார். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார அமைப்பு இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது. மீண்டெழுந்த வைத்தியசாலைகளில் இப்போது நீரிழிவும் குருதி அழுத்தமும் இதய நோயும் கொண்டோரே மிகுதி. ஆகவே, விறைப்பு மருந்து சந்திக்கும் துணையும் மாறிவிட்டது. குயினைனுக்குப் பதில் புரொப்பிரனலோல். காய்ச்சலால் வீங்கிய மண்ணீரலுக்குப் பதில் கொழுப்பேறிய ஈரல்.

ஆயினும் பழைய துணை முற்றாக அகன்றுவிடவில்லை. இந்தியாவிலிருந்தும் ஆபிரிக்க நாடுகளிலிருந்தும் திரும்புவோருடன் மலேரியா இன்னும் இடையிடையே இலங்கைக்குள் வருகிறது. வைவாக்ஸ் வகை மலேரியா என்றால் அவர்களுக்குப் பிறிமாக்குயின் கொடுக்கப்படுகிறது. பல் முளைக்கும் குழந்தையின் ஈற்றிலே பூசப் பென்சோகெயின் களிம்பு வாங்குவோரும் உலகெங்கும் இருந்தனர். 2018இல் அமெரிக்க மருந்து நிருவாகம், இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கு அதனைப் பூசவேண்டாம் என்று கூறி, அத்தகைய களிம்புகளைக் கடைகளிலிருந்து அகற்றும்படி உற்பத்தியாளரைக் கேட்டுக்கொண்டது. அக்குழந்தைகளின் குருதியில் மெதமோகுளோபின் மிகுந்ததே காரணம்.

பல் வைத்தியர் ஊசியை எடுக்குமுன், “வேறு மருந்து ஏதும் குடிக்கிறியளோ? முந்தி மலேரியா வந்ததோ? வயலுக்கு மருந்தடிச்சனியளோ?” என்று கேட்கும்போது, வாயைத் திறந்தபடி காத்திருக்கும் நோயாளிக்கு அது வீண் பேச்சாகத் தோன்றலாம். குலைப்பன் காய்ச்சலும் கொயினாவும் மலத்தியனும் பதுங்குகுழியும் அவ்வுடலில் விட்டுச்சென்ற கணக்கையே அந்த மூன்று கேள்விகளும் கேட்கின்றன.